டெக்னோ ஏன் காலை இழுக்கிறது: மிருதங்கம் கற்பவருக்கு ஒரு விரிவான பதில்

தேவகோட்டையில் மிருதங்கம் கற்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. காரைக்குடியில் ஒரு கல்யாண வரவேற்பில் டிஜே அரை மணி நேரம் டெக்னோ என்ற மின்னணு நடன இசையைப் போட்டிருக்கிறார். ராகம் இல்லை, பாட்டு இல்லை, ஒரே ‘டும் டும்’. ஆனாலும் கால் நிற்கவில்லை. இதை இசைச் சாஸ்திரத்தால் விளக்க முடியுமா, பிடித்தால் பிடித்தது என்று விட்டுவிட வேண்டியதுதானா என்கிறார். அதே பாட்டுகளை ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் ஹாலில் போட்டபோது எல்லாம் குழம்பி, ஒருவரும் ஆடவில்லையாம். அதற்கும் காரணம் கேட்கிறார்.

கால் ஏன் ஆடுகிறது என்பதைச் சாஸ்திரம் நன்றாகவே விளக்கும். எதை எடுத்தால் கால் நின்றுவிடும் என்று முன்கூட்டியே சொல்லுமளவுக்கு விளக்கும். ஒரே அளவுகளில் செய்த இரண்டு பாட்டுகளில் ஒன்று மட்டும் ஏன் மனத்தில் தங்குகிறது என்ற இடத்தில் அது நின்றுவிடும். இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் தவறான அளவுகோல்களை ஒதுக்குவோம். மேற்கத்திய இசைப் பள்ளிகளில் ‘தியரி’ என்றால் பெரும்பாலும் ஹார்மனி: ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்கு எப்படிப் போவது, எங்கே வந்து அமர்வது. டெக்னோவில் ஒரே மைனர் கார்டு ஏழு நிமிடம் ஓடும். ராக இலக்கணத்தோடு போனாலும் இரண்டு மூன்று ஸ்வரத்துக்கு மேல் தேறாது. முழக்கோலை எடுத்துக்கொண்டு பால் அளக்கப் போனால் கைக்கு ஒன்றும் வராது. குறை பாலில் இல்லை.

சமூகவியல் விளக்கமும் ஒன்று உண்டு. டெக்னோ பிறந்தது அமெரிக்காவின் டெட்ராய்ட்டில், 1980களில். ஊருக்கு வெளியே பெல்வில்லில் ஒன்றாகப் பள்ளியில் படித்த ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய மூன்று கறுப்பின இளைஞர்களே முன்னோடிகள். 1950இல் சுமார் 18.5 லட்சம் பேர் வாழ்ந்த அந்தக் கார் நகரத்தில் 1990இல் சுமார் 10.3 லட்சம் பேர்தான் இருந்தார்கள். ஆலைகள் மூடிய ஊரின் இயந்திர ஓசை இது என்பார்கள். ஏன் அங்கே, ஏன் அப்போது என்பதற்கு இது உதவும். பெரிய ஆலையையே பார்த்திராத ஒருவருக்குக் காரைக்குடியில் கால் ஏன் ஆடுகிறது என்பதற்கு உதவாது.

‘ஆதிமனிதனின் தாளம், பறை மாதிரி’ என்ற விளக்கத்தை நான் ஏற்கவே மாட்டேன். பறையடிப்பவர் ஆடுபவரைப் பார்த்து அடியை மாற்றுகிறார். உறுமிக்காரர் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து ஓசையை ஏற்றி இறக்குகிறார். அவை நுட்பமான கலைகள். டெக்னோவின் கிக், அதாவது அந்த ‘டும்’ என்ற டிரம் அடி, அப்படி மாறுவதே இல்லை. மாறாமல் இருப்பதுதான் அதன் வேலை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் இரண்டையும் கேட்கவில்லை என்றுதான் பொருள்.

சரியான அளவுகோல் உங்கள் கையிலேயே இருக்கிறது. லயம்.

ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 (1980), டிஆர்-909 (1983) என்ற தாள இயந்திரங்களில் ஒரு வரிசைக்கு 16 பொத்தான்கள். நான்கு அடி, அடிக்கு நான்கு மாத்திரை: தகதிமி நான்கு முறை. வேகம் நிமிடத்துக்கு 130 அடி என்று வைத்துக்கொள்வோம். ஓர் அடிக்கு 461 மில்லிசெகண்ட், ஒரு மாத்திரைக்கு 115, டிஜேக்கள் ‘பார்’ என்கிற ஓர் ஆவர்த்தனத்துக்கு 1.85 விநாடி. மனிதர் இயல்பாக நடந்தால் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு எட்டு, நிமிடத்துக்கு 120. தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து போகிறவர்கள் வெயில் ஏறுமுன் சற்று எட்டிப் போடும் நடை எதுவோ, 130 அதுதான். உடம்பு ஏற்கெனவே அறிந்த வேகம். கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

இதை நீங்களே கட்டிப் பார்க்கலாம். எல்எம்எம்எஸ் என்ற இலவச மென்பொருளில் 16 கட்டத் தாள வரிசை இருக்கிறது. கணினி இல்லையென்றால் கைபேசியில் ஏதாவதொரு டிரம் மெஷின் செயலி போதும். வேகம் 130. கிக்கை 1, 5, 9, 13ஆம் கட்டங்களில் வையுங்கள். ஒவ்வொரு ‘த’விலும் விழும். கிளாப்பை, அதாவது கைதட்டல் ஓசையை, 5, 13இல் வையுங்கள். ஹை-ஹேட் என்பது ஜோடித் தகடுகளின் ‘ட்ஸ்’ ஓசை. திறந்த ஹை-ஹேட்டை 3, 7, 11, 15இல், அதாவது ஒவ்வொரு ‘தி’யிலும். மூடிய ஹை-ஹேட் பதினாறிலும் மெல்லிய ஓசையில். பேஸ் என்ற தாழ்ந்த ஓசை ஒரே ஸ்வரம்தான். கிக் விழாத 3, 4, 7, 8, 11, 12, 15, 16இல். இப்போது ஓடவிட்டு, ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பாருங்கள். ஒரு விளக்கம் சரியா என்று அறிய இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் திறந்த ஹை-ஹேட்டை எடுங்கள். அடி விழும், ஆனால் உடம்பு மேலே எழாது. கிணற்றில் வாளி விழுவதுபோல ‘தொம் தொம்’ என்றிருக்கும். எடுத்துவிட்ட ஹை-ஹேட் விழுந்தது அரை இடத்தில், இரண்டு கிக்குக்கு நட்டநடுவே. அரை இடத்து எடுப்பில் பாட்டு தொடங்கும்போது உள்ளுக்குள் ஒரு தூக்கல் வருமே, அதே தூக்கல் இங்கே ஒவ்வோர் அடியிலும் வருகிறது. 461 மில்லிசெகண்ட் இடைவெளி இரண்டாகப் பிளந்ததும் அடுத்த அடி எப்போது என்பதை மூளை இன்னும் துல்லியமாகக் கணிக்கிறது. கால் இறங்கக் கிக், ஏற ஹை-ஹேட்.

அடுத்து, ஒரு கிக்கை மட்டும் 30 மில்லிசெகண்ட் தள்ளி வையுங்கள். ஆறு விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான், ஆனால் எல்லாரும் தடுக்கி விழுவார்கள். சீரான அடியில் இரண்டு மூன்று விழுக்காடு விலகினாலே கவனமான காது பிடித்துவிடும். அடி எவ்வளவு நம்பகமோ, அவ்வளவுக்கு ஆடுபவர் அதை எண்ணுவதை விட்டுவிட முடிகிறது. காரைக்குடி வீணை மரபில் வந்தவர்களைக் கேட்டால் இதை எளிதாகச் சொல்வார்கள்: வாசிக்கும் தந்தி நான்கு, பக்கத்தில் தாளத் தந்தி மூன்று. அந்த மூன்றையும் சுண்டுவிரல் ஒழுங்காக மீட்டிக்கொண்டிருக்கும். அதை நம்பித்தான் மேல் தந்தியில் விரல் துணிந்து போகிறது. டெக்னோவில் தாளத் தந்திக்குரிய வேலை கிக்குக்கு.

மூன்றாவது, இரட்டைப்படைக் கட்டங்களை மட்டும் சற்றுத் தாமதிக்கும் ஸ்விங். இரண்டு கட்ட நேரத்தில் முதல் கட்டத்தின் பங்கு 54 விழுக்காடு என்றால் தாமதம் சுமார் 9 மில்லிசெகண்ட். ஒரு மெல்லிய ஆட்டம் தெரியும். 57இல் 16 மில்லிசெகண்ட், இடுப்பு அசையும். 66ஐத் தொட்டால் நான்கின் சதுஸ்ரம் கிட்டத்தட்ட மூன்றின் திஸ்ர நடையாகிவிடும். நன்றாகவே இருக்கும், ஆனால் அது வேறொரு இசை. முதன்முதலில் செய்கிறவர்கள் இங்கே கையை அதிகம் வைத்துக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

நான்காவது, பேஸ் எல்லாவற்றையும் கிக் விழும் கட்டங்களுக்கே மாற்றுங்கள். இரண்டும் 50 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 50 அதிர்வு) சுற்றுவட்டாரத்தில் இடம் கேட்பதால் ஒன்றையொன்று விழுங்கி, சேறாகும். அதனால்தான் ‘சைட்செயின்’: கிக் விழும் கணத்தில் பேஸின் ஓசை தானாக அமுங்கி, 100 முதல் 200 மில்லிசெகண்டுக்குள் திரும்பி எழும்படி அமைப்பது. மீளும் நேரம் 400ஐத் தாண்டினால் அடுத்த கிக் வருவதற்குள் பேஸ் எழுந்திருக்காது. பாட்டு மூச்சு முட்டும்.

ஐந்தாவதுதான் இதில் மிக வளமானது. ஒரு சிறு ஒலியை மூன்று கட்ட லூப்பாக, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் துண்டாகப் போட்டு, பதினாறுக்கு மேல் ஓடவிடுங்கள். கீழே தகதிமி, மேலே தகிட. 16உம் 3உம் மறுபடி ஒன்றாகச் சேர 48 மாத்திரை: மூன்று ஆவர்த்தனம், ஐந்தரை விநாடி. ஐந்து கட்ட லூப் என்றால் 80 மாத்திரை, ஒன்பது விநாடி. ஏழென்றால் 112, ஏறத்தாழ 13 விநாடி. கேட்பவருக்குக் கணக்கு தெரியாது. ‘ஒரே மாதிரி இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் வேறாகக் கேட்கிறது’ என்று மட்டும் படும். முடிவுக்கு வாசிக்கும் கோர்வையில் நாம் மூன்றையும் ஐந்தையும் ஏழையும் வைத்துப் பின்னி, கடைசியில் சமத்தில், தாளத்தின் முதல் அடியில், கொண்டுவந்து போடுகிறோம், சபை கைதட்டுகிறது. டெக்னோ அந்தத் தீர்மானத்தைத் தருவதில்லை. 48ஆவது மாத்திரையில் எல்லாம் ஒன்று சேர்ந்து, யாரும் கைதட்டுமுன் மறுபடி பிரிந்துபோகும். தாளத்துக்கே முதலிடம் கொடுத்து வாழ்ந்த மிருதங்க வித்துவான் காரைக்குடி மணியின் தனி ஆவர்த்தனத்தைக் கேட்டவர்களுக்கு, வெறும் தாளமே ஒரு முழு இசையாக நிற்க முடியும் என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. வேறுபாடு முடிவை எப்படி ஆள்கிறோம் என்பதில் இருக்கிறது.

இந்தச் சிக்கலுக்கு ஓர் எல்லையும் உண்டு. மரியா விடெக்கும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அடி தள்ளி விழும் அளவு வெவ்வேறாக உள்ள டிரம் பகுதிகளைக் கேட்கச் செய்தார்கள். மிகக் குறைவாக இருந்தவையும் மிக அதிகமாக இருந்தவையும் பின்தங்க, நடுத்தரமானவைதான் ஆடத் தூண்டின, இன்பமும் தந்தன. அவர்கள் எடுத்தது ஃபங்க் வகை டிரம், டெக்னோ இல்லை. ஆனால் உங்கள் 16 கட்டத்திலேயே இதைச் சோதிக்கலாம். வெறும் கிக் மட்டும் என்றால் போலீஸ் அணிவகுப்பு. மூன்று, ஐந்து, ஏழு லூப்புகளை ஒரே நேரத்தில் சம ஓசையில் போட்டால் கால் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றுவிடும். ஒன்று முன்னால், இன்னொன்று காதுக்கு எட்டியும் எட்டாமலும் பின்னால் என்றால் ஓடும்.

இனி, ‘ஒரே மாதிரி’ என்ற குற்றச்சாட்டு. திரும்பத் திரும்பக் கேட்டால் அலுக்க வேண்டும் என்பது பாதி உண்மைதான். இசை உளவியலாளர் டயானா டாய்ச் 1995இல் கவனித்த ஒன்று இருக்கிறது: சாதாரணமாகப் பேசிய ஒரு சொற்றொடரை அப்படியே சில முறை திருப்பி ஓட்டினால், அது பாட்டாகக் கேட்கத் தொடங்குகிறது. ஒலி மாறவில்லை, கேட்கும் விதம் மாறுகிறது. என்ன சொல் என்று தெரிந்துவிட்டதால் மனம் அதை விட்டு நகர்ந்து, ஏற்ற இறக்கத்துக்கும் ஓசையின் நயத்துக்கும் போகிறது. தம்புராவை நினையுங்கள். மூன்று மணி நேரம் அதே நான்கு தந்தி. யாரும் அலுப்பென்று எழுந்து போவதில்லை. தந்திக்கு அடியில் இடும் ஜீவா நூலை ஒரு மயிரிழை நகர்த்தினால் ஓசையின் நிறமே மாறுவதால் காது அங்கேயே வாழ்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலும் நான்கு கற்கள் சேர்ந்து ஒரு பூ, அதே பூ ஹால் முழுக்க. கையால் வார்த்ததால் ஒவ்வொன்றிலும் சாயம் ஓர் இழை வேறு. பூவைப் பார்த்து முடித்த கண் அந்த இழைகளைப் பார்க்கத் தொடங்கும்.

டெக்னோ செய்பவர் இதற்கு ஃபில்டரைப் பயன்படுத்துகிறார். ஒரு லூப்பின் மேல் ஓசைகளை 200 ஹெர்ட்ஸில் வெட்டித் தொடங்கி, 32 ஆவர்த்தனத்தில், அதாவது ஏறக்குறைய ஒரு நிமிடத்தில், 2,000 வரை திறப்பார். ஸ்வரம் மாறவில்லை, மாத்திரை மாறவில்லை, ஆனால் ஏதோ விடிகிற மாதிரி இருக்கும். இதையே நான்கு ஆவர்த்தனத்தில் திறந்தால் ஏழு விநாடியில் தீர்ந்துவிடும். பிறகு காட்ட ஒன்றும் மிஞ்சாது. தொடக்கநிலைப் பாட்டுகள் அலுக்க இதுதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன்: மாற்றம் குறைவாக இருப்பதால் அலுப்பதில்லை, அவசரமாக மாறுவதால் அலுக்கிறது. இன்னொரு கருவி, கிக்கையே 16 ஆவர்த்தனம் நிறுத்திவைப்பது. அந்த 30 விநாடியும் எல்லார் உடம்பிலும் அடி ஓடிக்கொண்டே இருக்கும்; கிக் திரும்பும் கணத்தில் நூறு பேர் ஒன்றாக இறங்குவார்கள். உடம்பு தாளத்தைத் தன்னுள் எடுத்துக்கொண்டது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டாம்.

அடுத்து காதைத் தாண்டி உடம்பு. கிக் என்பது 200 ஹெர்ட்ஸுக்கு மேல் தொடங்கிச் சில பத்து மில்லிசெகண்டில் 50க்குச் சரியும் ஓர் ஒலி. உரத்த தாழ்ந்த ஒலி செவியோடு சேர்ந்த சமநிலை உறுப்பையும் தூண்டும் என்று டாட், கோடி என்ற இரு ஆய்வாளர்கள் 2000இல் காட்டினார்கள். ஊஞ்சலில் நாம் உணரும் அசைவை உணர்வது அந்த உறுப்புதான். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக அரங்கில் ஓர்ஃபிக்ஸ் என்ற இருவர் குழுவின் மின்னிசைக் கச்சேரியில், 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரை மட்டும் எழுப்பும் ஒலிபெருக்கிகளைச் சில நிமிடத்துக்கொரு முறை போட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். அவை ஓடியபோது மக்கள் சராசரியாக 11.8 விழுக்காடு அதிகம் அசைந்தார்கள். ஓடுகிறதா இல்லையா என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. 2022இல் வெளிவந்த ஆய்வு. கைபேசி ஸ்பீக்கரில் டெக்னோ கேட்டு ‘இதில் என்ன இருக்கிறது’ என்பவர்களுக்கு இதுவே பதில்: கேட்க வேண்டியதில் பாதி அந்தக் கருவியிலிருந்து வெளியே வரவே இல்லை. ஓசையைக் கூட்டிச் சரிசெய்யவும் போகாதீர்கள். இசை அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் வைத்த உச்சவரம்பு, 15 நிமிடச் சராசரி 100 டெசிபல். அதன் அருகே போனால் காதடைப்பான் வேண்டும்.

அந்தப் பழைய வீட்டு ஹாலுக்கும் இதுவே காரணம். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர், கல் தரை, தேக்குத் தூண். எதுவும் ஓசையைக் குடிக்காது. 20 மீட்டர் நீளம், 7 அகலம், 5 உயரம் என்று கொண்டால் கொள்ளளவு 700 கனமீட்டர், மேற்பரப்பு 550 சதுரமீட்டர். நூற்றுக்கு ஐந்து பங்கு உறிஞ்சினால் 27.5 சதுரமீட்டர். முழக்க நேரத்தைக் கணக்கிடும் சபீன் வாய்பாட்டின்படி 0.161 × 700 ÷ 27.5: முழக்கம் அடங்க 4.1 விநாடி. 130 வேகத்தில் ஒரு கிக்கின் வால் அடுத்த எட்டு ஒன்பது கிக் வரை நீளும். நூறு பேர் நின்றால் ஆளுக்கு 0.45 வீதம் சேர்ந்து 1.6 விநாடிக்கு இறங்கும். ஆனால் உடைகளும் உடம்பும் குடிப்பது பெரும்பாலும் மேல் ஓசைகளை, தாழ்ந்தவை அப்படியே சுற்றும். ஜமுக்காளம் விரித்தாலும் அதே கதைதான்.

இன்னொரு சிக்கல் அகலத்தில். நம் ஊர் வெயிலில் ஒலி விநாடிக்கு சுமார் 352 மீட்டர் போகும். இரண்டு சுவர்களுக்கிடையே சிக்கி நிற்கும் ஒலியலைதான் நிலையலை. 7 மீட்டர் அகலத்தில் இரண்டாவது நிலையலை 352 ÷ 7, அதாவது 50 ஹெர்ட்ஸ். சரியாகக் கிக் உட்காரும் இடம். பக்கச் சுவரிலிருந்து 1.75 மீட்டரில் நிற்பவருக்கு அந்த 50 ஹெர்ட்ஸ் கரைந்துபோகும். ஹால் நடுவிலும் சுவரோரத்திலும் இடிக்கும். ஆளாளுக்கு வேறு தாளம் கேட்டால் யார் சேர்ந்து ஆடுவது?

செய்யக்கூடியவை சில. தாழ்ந்த ஓசைக்கான ஒலிபெருக்கியான சப்-வூஃபரை மூலையில் வைக்கும் வழக்கத்தை விடுங்கள். மூலை எல்லா நிலையலையையும் எழுப்பும். அதே 1.75 மீட்டர்க் கோட்டில் வைத்தால் அந்த 50 ஹெர்ட்ஸ் அலைக்கு உந்துதல் கிடைக்காது. கிக்கின் வால் 150, 200 மில்லிசெகண்டில் முடியும் பாட்டுகளாகத் தேர்ந்து, வேகத்தை 122–126க்கு இறக்குங்கள். 80 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை சற்றுக் குறையுங்கள். எல்லாக் கதவையும் திறந்துவையுங்கள். தாழ்ந்த ஓசைக்கு வெளியே போகும் வழிதான் மருந்து. முடிந்தால் ஹாலை விட்டு வளவுக்கு, அதாவது வீட்டு நடுமுற்றத்துக்கு, வாருங்கள். மேலே தகரம் போட்டு மூடாத வளவு என்றால் முழக்கம் வானத்துக்குப் போய்விடும். அந்த வீட்டில் டெக்னோவுக்கு ஏற்ற இடம் அதுதான்.

இவ்வளவும் விளக்கும் சாஸ்திரம் எங்கே நிற்கிறது? ஒரே வேகம், ஒரே கட்டங்கள், ஒரே ஃபில்டர் அசைவு கொண்ட இரண்டு பாட்டுகளை எடுங்கள். இரண்டுக்கும் கால் ஆடும். ஒன்றை மட்டும் மறுநாள் காலையில் தேடிக் கேட்பீர்கள். அந்த ஹை-ஹேட்டின் கரகரப்பா, அதற்கு முன் ஓடிய பாட்டா, பக்கத்தில் நின்ற ஆளா, எது என்று எண்ணால் பிரிக்க இயலாது. நல்ல டிஜே அதைக் கூட்டத்தின் முகம் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். 1991இல் பெர்லினில் ஒரு பழைய பேரங்காடியின் பெட்டக அறையில் ட்ரெசோர் மன்றம் திறந்தபோது, சுவர் விழுந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. இரண்டாகக் கிடந்த நகரத்தின் இளைஞர்கள் ஒரே தரையில் ஆடியது அந்த இசையின் பொருளில் ஒரு பங்கு. 16 கட்டத்துக்குள் அது இல்லை.

உங்களுக்கு ஒரு பயிற்சி. 130இல் வெறும் கிக்கை ஓடவிட்டு, கையால் ஆதி தாளம் போட்டுக்கொண்டு, அடிக்கு நான்கு மாத்திரையாக வாயால் தகிட சொல்லுங்கள். ஆதி தாளத்தின் எட்டு அடிக்கு 32 மாத்திரை என்பதால், இங்கே இரண்டும் சமத்தில் சேர்வது 96இல். அது பிடிபட்டதும் ஐந்துக்கு மாறுங்கள்: தகதகிட, 160 மாத்திரை. பிறகு நண்பர் ஒருவரை, உங்களுக்குச் சொல்லாமல், கிக்கின் ஓசையை மட்டும் 16 பார், அதாவது எட்டு ஆதி தாள ஆவர்த்தனம், அடக்கிவைத்துத் திறக்கச் சொல்லுங்கள். கை தட்டுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். கிக் திரும்பும்போது உங்கள் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முதல் சில நாள் முந்தும்.